வன்னியின் சிறு பாடசாலைகளில் விளையாட்டுக் கற்பிக்க ஆசிரியர்களை எப்படிப் பழக்கலாம்?

முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒட்டுசுட்டான் பக்கத்தில் உள்ள நான்கு சிறிய பாடசாலைகளுக்கு உங்கள் ஊர்ச் சங்கம் உதவ விரும்புகிறது. அவற்றில் எதிலும் உடற்கல்விக்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை. பந்தும் வலையும் வாங்கி அனுப்புவதா, யாழ்ப்பாணத்திலிருந்து பயிற்றுநர் ஒருவரை அழைத்து இரண்டு நாள் பயிலரங்கு நடத்துவதா, நடத்துவதென்றால் எந்தக் காலத்தில் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆசிரியரைப் பழக்குவதற்கே பணத்தைச் செலவிடுங்கள். அந்தப் பணத்தில் பெரும் பங்கு, இரண்டு நாள் பயிலரங்குக்குப் பிறகு வரும் ஆறேழு மாதங்களுக்குப் போக வேண்டும். அழைக்க வேண்டியவர்கள் முதலாம் தரம் முதல் ஐந்தாம் தரம் வரை வகுப்பை நடத்தும் சாதாரண ஆசிரியர்கள். விளையாட்டு வீரராக இருந்தவரைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. இந்த மூன்றையும் ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன்.

முதலில் ஆள் விடயம். இலங்கையில் மாணவர் தொகையை வைத்தே ஆசிரியர் ஆளணி தீர்மானிக்கப்படுகிறது. எண்பது நூறு பிள்ளைகள் படிக்கும் பாடசாலைக்கு உடற்கல்வி ஆசிரியர் வருவார் என்று காத்திருப்பது வீண். ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ என்ற பாடம் தரம் 6இல்தான் தனிப் பாடமாகத் தொடங்குகிறது. க.பொ.த. சாதாரண தரத்தில் அது விருப்பப் பாடம் மட்டுமே. ஆனால் ஓடவும், தாண்டவும், எறியவும், பிடிக்கவும், ஒற்றைக் காலில் சமநிலை காக்கவும் பிள்ளை நன்றாகக் கற்கும் காலம் அதற்கு முந்தியது. எட்டு வயதுக்குள் யாராவது அருகில் நின்று பழக்கினால் இந்த அடிப்படை அசைவுகள் செம்மையாக வரும். தானாக வந்துவிடும் என்பது பலருடைய நம்பிக்கை. ஓட்டம் ஓரளவுக்கு வரும், எறிதலும் பிடித்தலும் அப்படி வருவதில்லை. பதினொரு வயதில் பந்தைக் கண்டு முகத்தைத் திருப்பும் பெண்பிள்ளையை வலைப்பந்து அணிக்கு யாரும் எடுக்கமாட்டார்கள். அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒரு துணிப்பந்தை மெதுவாக எறிந்து பிடிக்கப் பழக்கியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். அதைச் செய்யக்கூடிய ஒரே ஆள் வகுப்பாசிரியர்தான்.

1990களின் பிற்பகுதியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் இதற்கு வழி வைத்திருக்கிறது. கற்றல் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூன்று வழிகளில் நடக்க வேண்டும் என்றும், முதலிரு தரங்களில் விளையாட்டே முன்னிற்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. ஆனால் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் மூன்றாம் தரம் வரை நீண்டு விழுகிறது. விளையாட்டு நேரம் கணிதத்துக்குப் போய்விடுகிறது, கேட்பதற்கும் ஆளில்லை. பெற்றோரும் அதையே விரும்புகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தம் பிள்ளையின் படிப்பு ஒன்றுதான் கையில் மிஞ்சியிருக்கிறது, அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஐந்து முதல் பதினேழு வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாடசாலை அதில் பாதியையாவது கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பயிலரங்குத் திட்டங்களில் யாரும் எழுதாத ஒன்று இருக்கிறது. வன்னியில் பிறந்து வன்னியிலேயே கற்பிக்கும் ஆசிரியர்களில் பலருக்கு இன்று முப்பது முதல் நாற்பது வயது. போர் முடிந்த 2009இல் அவர்கள் பாடசாலைப் பருவத்தில் இருந்தார்கள், அல்லது அதை அப்போதுதான் கடந்திருந்தார்கள். கிளிநொச்சியிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளத்து முகாம்கள் என்று இடம்பெயர்ந்த பிள்ளைகள் அவர்கள். மைதானத்தில் ஒழுங்காக ஆடிப் பழகியிருக்க வேண்டிய ஆண்டுகளைப் பதுங்குகுழிகளிலும் கூடாரங்களிலும் கழித்தவர்கள். அப்படிப்பட்டவரிடம் பிள்ளைகளை விளையாட விடுங்கள் என்று சொல்வதற்கு முன், அவரை விளையாட விட வேண்டும். ஆகவே முதல் நாள் காலை முழுவதும் ஆசிரியர்கள் ஆடட்டும். விரிவுரை வேண்டாம், திரையில் படம் காட்ட வேண்டாம். முதல் அரைமணி நேரம் கூச்சமாக இருக்கும். பிறகு நாற்பது வயது ஆசிரியை ஒருவர் சத்தமிட்டுச் சிரித்துக்கொண்டு ஓடுவதைப் பார்ப்பீர்கள். அந்தச் சிரிப்பு வராத பயிலரங்கில் என்ன கற்பித்தாலும் அது பாடசாலைக்குப் போய்ச் சேராது என்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

இங்கே உடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆரம்பப் பிரிவில் பெரும்பாலோர் பெண் ஆசிரியர்கள், பாடசாலைக்குச் சேலையில் வருபவர்கள். பயிற்சி நாளில் வசதியான உடையில் வரலாம் என்று அதிபர் மூலம் முன்கூட்டியே அறிவியுங்கள். ஆனால் அன்றாட வகுப்பில் அவர் சேலையில்தான் நிற்பார். எனவே சேலையில் நின்றபடியே நடத்தக்கூடிய முறையைத்தான் கற்பிக்க வேண்டும். தானே செய்து காட்டாமல் நன்றாகச் செய்யும் பிள்ளையை முன்னே அழைத்துச் செய்விப்பது, எல்லோரும் கண்ணில் படும்படி ஓரத்தில் நிற்பது, வெயில் தன் முகத்தில் விழவும் பிள்ளைகளின் கண்ணில் விழாமல் இருக்கவும் திரும்பி நிற்பது ஆகியவை பழக்கத்தால் வருபவை.

இனி, என்ன கற்பிப்பது? விதிமுறைப் புத்தகத்தை மூடி வையுங்கள். கரப்பந்து மைதானத்தின் நீள அகலம் மூன்றாம் தர ஆசிரியருக்குத் தேவையில்லை. அவருக்கு முதலில் புரிய வேண்டியது ஒரு கணக்கு. முப்பது பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்தி ஒரு பந்தைக் கொடுக்கிறீர்கள். ஒருவருடைய முறை முடியப் பத்து வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 நிமிடப் பாடவேளையில் ஒரு பிள்ளைக்கு எட்டு முறைதான் கிடைக்கும், அதாவது 80 வினாடி. மீதி முப்பத்தெட்டு நிமிடத்துக்கு மேல் அந்தப் பிள்ளை வெயிலில் நிற்கிறது, முன்னால் நிற்பவனைக் கிள்ளுகிறது, ஆசிரியரிடம் ஏச்சு வாங்குகிறது. அதே முப்பது பேரை ஐந்து ஐந்தாக ஆறு குழுவாக்கி ஆறு துணிப்பந்து கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் 48 முறை, எட்டு நிமிடம் கிடைக்கும். பந்து ஆறு வேண்டும் என்பதைத் தவிர வேறு செலவில்லை. பழைய காலுறைக்குள் துணியைத் திணித்துத் தைத்தால் பந்து. தென்னோலையில் பின்னினாலும் பந்து. நெல் சாக்கு, சைக்கிள் ரயர், மண் நிரப்பிய போத்தல், கோடு போடச் சாம்பல் என்று தேவையானவை ஊரிலேயே கிடைக்கும். விலை கொடுத்து வாங்குவதென்றால் ஒவ்வொரு பாடசாலைக்கும் மெத்தென்ற பந்துகள் ஒரு சாக்கு நிறையவும் நல்ல விசில் ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். தோலால் செய்த உதைபந்தை அதிபரின் அலுமாரியில் பூட்டி வைத்துவிடுவார்கள். விலை உயர்ந்த பொருள் தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம்தான் அதற்குக் காரணம்.

குழுவாகப் பிரித்த பிறகு அடக்குவது எப்படி என்பது ஆசிரியர்கள் உடனே கேட்கும் கேள்வி. ஆறு இடத்தில் முப்பது பிள்ளைகள் கத்தினால் யாருக்கும் பதற்றம் வரும். அதனால் முதல் இரண்டு வாரமும் ஆட்டத்தைவிட நிறுத்தத்தைப் பழக்கச் சொல்லுங்கள். ஒரு விசில் அடித்தால் அசையாமல் நிற்பது, இரண்டு விசிலுக்குப் பந்தைக் காலடியில் வைத்துவிட்டு ஆசிரியரைப் பார்ப்பது. அதையே ஒரு விளையாட்டாக ஆக்கிவிடலாம், சிறுவர்களுக்குச் சிலையாக நிற்பது பிடிக்கும். நிறுத்தத் தெரிந்த ஆசிரியருக்கு விளையாட விடும் துணிச்சல் தானாக வருகிறது.

அடுத்தது, ஓர் ஆட்டத்தை மாற்றத் தெரிவது. எந்த ஆட்டத்திலும் நான்கை மாற்றலாம்: ஆடும் இடம், செய்யும் செயல், கையிலுள்ள பொருள், ஆடும் ஆட்கள். பிடிக்க முடியவில்லையா, பந்தைப் பெரிதாக்கு அல்லது ஒருமுறை நிலத்தில் குத்தி வரவிடு. ஓடிக் களைத்துவிட்டார்களா, இடத்தைச் சுருக்கு. ஒரு பிள்ளைக்குக் காலில் குறையா, அவனுக்கு மட்டும் எல்லைக்கோட்டைக் கிட்டக் கொண்டு வா, அல்லது எல்லோரையும் இருந்து ஆடச் செய். இருந்து ஆடும் கரப்பந்து மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக்கில் இடம்பெறும் ஆட்டம் என்பதையும் சொல்லுங்கள், அது இரக்கத்துக்காகக் கொடுத்த இடம் அல்ல என்பது பிள்ளைகளுக்கு விளங்கும். இரண்டு மூன்று தரங்களை ஒன்றாக வைத்துக் கற்பிக்கும் பல்தர வகுப்புகள் வன்னியில் நிறைய உண்டு. எழுத்துவேலையில் தலைவலியாக இருக்கும் அந்தக் கலப்பு விளையாட்டில் வரமாகிறது. ஐந்தாம் தரப் பிள்ளை ஒன்றையும் இரண்டாம் தரப் பிள்ளை ஒன்றையும் சோடியாக்கினால் பெரியது சின்னதுக்குக் கற்றுக்கொடுக்கும்.

என்ன ஆட்டங்கள் என்றால், பாதி ஏற்கெனவே ஊரில் இருக்கின்றன. கிளித்தட்டை எடுத்துக்கொள்வோம். நிலத்தில் கோடுகள், கோடுகளின் வழியே ஓடிக் காக்கும் ‘கிளி’ என்ற ஆட்டக்காரர் ஒருவர், குறுக்குக் கோடுகளைக் காக்கும் சிலர், அவர்களை ஏய்த்துக் கடக்கும் சிலர். இதில் பிள்ளை என்ன கற்கிறது? எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறான் என்று கண்டு மறுபக்கம் பாய்வது, பொய்யாக ஓர் அடி வைத்து ஏமாற்றுவது, தோழன் கிளியை இழுத்துக்கொண்டு போகும் நேரத்தில் வெற்றிடத்தைப் பிடிப்பது. வலைப்பந்திலும் உதைபந்திலும் பயிற்றுநர்கள் மாதக்கணக்காகக் கற்பிக்கப் பாடுபடுவது இதைத்தான். 1982இல் இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பங்கர், ரொட் தோர்ப் இருவரும், தனித்தனி நுட்பங்களைப் பழக்கிய பிறகு ஆட்டத்துக்குப் போகும் வழக்கத்தைக் கேள்விக்குட்படுத்தினார்கள். முதலில் எளிய ஆட்டம், அதில் எழும் சிக்கலைப் பிள்ளையே உணர்வது, பிறகுதான் நுட்பம் என்பது அவர்கள் காட்டிய வழி. கிளித்தட்டு ஆடிய பிள்ளைகளை நிறுத்தி, “கிளி உன்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எப்படிக் கடந்தாய்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்கும் ஆசிரியர் அந்த வழியில்தான் போகிறார். எங்கள் பக்கத்து வழக்கப்படி ஒருவர் தொடப்பட்டால் முழு அணியுமே இடம் மாறும். தோற்ற பிள்ளை ஓரத்தில் குந்தியிருக்க வேண்டியதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, ஆட்டமிழந்தவரை வெளியேற்றும் கதிரை ஓட்டம் போன்றவற்றைவிட இதை நான் மேலாக வைக்கிறேன். முதலில் வெளியேறுகிற பிள்ளைக்குத்தான் ஓட்டம் அதிகம் தேவை.

சின்னப் பிள்ளைகளுக்கு, கண்ணைப் பொத்தி அழைத்துச் செல்லும் “எவடம் எவடம், புளியடி புளியடி” ஆட்டம் திசையறிவுக்கு நல்லது. சிறு கற்களை எறிந்து பிடிக்கும் கொக்கான் கண்ணையும் கையையும் இணைக்கிறது. கெந்தித் தொடுதல் காலுக்கும் சமநிலைக்கும். கிட்டிப்புள் நல்ல ஆட்டம்தான், ஆனால் கண்ணில் படும் ஆபத்து இருப்பதால் முப்பது பேர் நிற்கும் வகுப்பில் வேண்டாம். ஒவ்வோர் ஆசிரியரும் தனக்குத் தெரிந்த ஊர் ஆட்டம் ஒன்றைக் கொண்டு வந்து மற்றவர்களுக்குக் கற்பிக்கும் நேரத்தை இரண்டாம் நாளில் ஒதுக்குங்கள். தீவுப்பகுதியிலிருந்தோ மன்னாரிலிருந்தோ வந்து கற்பிப்பவர் கொண்டு வரும் ஆட்டம் இங்கே புதிதாக இருக்கும்.

பிள்ளைகளை இல்லங்கள் என்ற அணிகளாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டியைப் பற்றி ஏதும் சொல்லாவிட்டால் பதில் முழுமையாகாது. மீள்குடியேறிய ஊர்களில் அந்த நாள் ஒரு திருவிழா. இல்ல அலங்காரமும் அணிநடையும் வினோத உடையும் பார்க்க ஊரே திரண்டு வரும், அது வேண்டும். ஆனால் அதற்கு முந்திய சில வாரங்கள் ஓடக்கூடிய பத்துப் பதினைந்து பிள்ளைகள் மட்டும் ஓடுகிறார்கள், மற்றவர்கள் இல்லத்துக்கு நிறம் பூசுகிறார்கள். போட்டி முடிந்த மறுநாள் மைதானத்தில் மாடு மேய்கிறது. கோட்டமட்டம், வலயமட்டம், மாகாணமட்டம் என்று போகும் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான ஏணி ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் பயிற்சி மற்றப் பிள்ளைகளுக்காக இருக்கட்டும். ஒரு சிறு கோரிக்கையும் உண்டு: நீங்கள் போட்டிக்கு உதவுவதாக இருந்தால், தொடக்க வெடியை விட்டுவிட்டுக் கொடியும் கைதட்டலும் பயன்படுத்தச் சொல்லுங்கள். பார்க்க வரும் தாய் தகப்பனில் வெடிச் சத்தத்துக்கு உடல் நடுங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பாதுகாப்பைப் பயிற்சியில் கடைசி அரைமணியில் தள்ளிவிடுவார்கள், விட வேண்டாம். ஆடும் முன் ஆசிரியர் மைதானத்தை ஒரு தரம் நடந்து பார்க்க வேண்டும். முள், போத்தல் ஓடு, புற்றருகே பாம்பு எல்லாம் உண்டு. பிள்ளைகள் பலர் வெறுங்காலுடன் ஆடுவார்கள். கண்ணிவெடி அகற்றிய நிலமாக இருந்தாலும், பந்து பற்றைக்குள் போனால் பெரியவர்தான் எடுக்க வேண்டும், அடையாளம் தெரியாத இரும்பைத் தொடக்கூடாது, உடனே சொல்ல வேண்டும் என்ற விதி ஆட்டத்தின் விதிகளில் ஒன்றாகவே இருக்கட்டும். வெயிலைப் பொறுத்தவரை, காலை ஒன்பது மணிக்கு முன் முதலிரு பாடவேளைகளில் ஆரம்பப் பிரிவின் ஆட்டத்தை வைக்குமாறு நேரசூசியை மாற்ற அதிபரிடம் கேளுங்கள். செலவே இல்லாத இந்த மாற்றம் நடப்பதற்கு மிகக் கடினமானதும்கூட, ஏனென்றால் காலை நேரம் கணிதத்துக்கு என்பது எழுதாத சட்டம். அது நடக்காவிட்டால் மர நிழலில் சிறிய இடத்து ஆட்டங்கள். பிள்ளைக்குத் தலைச்சுற்றும் குமட்டலும் வந்தால் நிழல், தண்ணீர், ஈரத்துணி. பேச்சுக் குழறினால் அல்லது மயங்கினால் உடலைக் குளிர்வித்தபடியே வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும். காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளை யார் என்று முதலில் கேட்டறிந்துகொள்வது இவை எல்லாவற்றுக்கும் முந்தியது. மைதானத்தைச் சுற்றி ஓடுவதைத் தண்டனையாகக் கொடுப்பதையும், வீட்டுவேலை செய்யாத பிள்ளையை விளையாட விடாமல் மறிப்பதையும் அன்றோடு நிறுத்துவோம் என்று ஆசிரியர்களே பேசி முடிவெடுக்கட்டும். வெளியாள் சொன்னால் ஏறாது.

இனி நான் மிகவும் வலியுறுத்தும் பகுதிக்கு வருகிறேன். இரண்டு நாள் பயிலரங்கில் கற்றது ஏன் நிலைப்பதில்லை? திங்கட்கிழமை காலை தன் வகுப்போடு மைதானத்துக்கு இறங்கும் ஆசிரியர் தனியாள். முதல் தடவை குழப்பமாகத்தான் முடியும். கூட யாரும் இல்லாவிட்டால் இரண்டாம் தடவை இறங்கமாட்டார். புரூஸ் ஜொய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1980களிலேயே இதை எடுத்துச் சொன்னார்கள்: விளக்கமும் செய்துகாட்டலும் பயிற்சியும் அறிவைத் தரும், ஆனால் அந்த அறிவு வகுப்பறைப் பழக்கமாக மாற, வகுப்பிலேயே பக்கத்தில் நின்று துணைபுரியும் ஒருவர் வேண்டும். எனவே ஒருவரை மாதம் ஒருமுறை ஒவ்வொரு பாடசாலைக்கும் அனுப்பும் செலவை முதலில் ஒதுக்குங்கள். அவருடைய பெற்றோலும் கொடுப்பனவும்தான் உங்கள் திட்டத்தின் முதுகெலும்பு. இளைப்பாறிய உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ கிடைப்பார்.

போகிறவர் என்ன செய்ய வேண்டும்? முதல் வருகையில் அவர் பாடம் நடத்த ஆசிரியர் பார்க்கலாம். இரண்டாவதில் இருவரும் சேர்ந்து நடத்தலாம். மூன்றாவதிலிருந்து ஆசிரியர் நடத்த, இவர் ஓரமாக நின்று ஒரே ஒரு பிள்ளையைக் கவனிக்க வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளையை அல்ல, பின்வரிசையில் ஒதுங்கி நிற்பதை. அந்தப் பிள்ளை பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் அசைந்தது, எத்தனை தரம் பந்தைத் தொட்டது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறிக்க வேண்டும். பாடம் முடிந்ததும் ஆசிரியரிடம் அந்த எண்ணை மட்டும் காட்டினால் போதும், அறிவுரை தேவைப்படாது. அடுத்த மாதம் அந்த எண் கூடியிருக்கும், அதைக் காணும் ஆசிரியரின் முகமும் மாறியிருக்கும். அறிக்கைகளுக்கு நிழற்படம் வேண்டும் என்று உங்கள் சங்கத்தினர் கேட்பார்கள். இந்த எண்களை அவர்களுக்குக் காட்டுங்கள்.

நான்கு பாடசாலை ஆசிரியர்களும் தவணைக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பாடசாலையில் கூடி, ஒருவர் தன் வகுப்பைக் கொண்டு பாடம் நடத்த மற்றவர்கள் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து நாள்தோறும் பஸ்ஸில் வந்து போகும் ஆசிரியர்கள் இருப்பார்கள். சனிக்கிழமை வைத்தால் அவர்கள் வருவது கடினம், வெள்ளிக்கிழமை பிற்பகல் வைத்தால் மனம் பஸ்ஸில் இருக்கும். பாடசாலை நாளொன்றின் காலையில் நடத்த வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி வேண்டும். உடற்கல்விக்கான ஆசிரிய ஆலோசகரைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொண்டால் அனுமதி எளிதாகும், அவர்கள் நடத்தும் சேவைக்காலப் பயிற்சியோடு இதையும் இணைக்கலாம். பூந்தோட்டத்திலுள்ள வவுனியா தேசிய கல்வியியற் கல்லூரியையும் அணுகிப் பாருங்கள். அங்கே பயில்பவர்கள் மூன்றாண்டுக் கற்கையின் கடைசி ஆண்டைப் பாடசாலைகளிலேயே பயிலுநராகக் கழிக்கிறார்கள். உங்கள் நான்கு பாடசாலைகளில் எதற்காவது அப்படி ஒருவர் வந்தால், அவரையும் இந்தப் பயிற்சியில் உட்கார்த்தி வையுங்கள். நாளைக்கு அவர் எந்த ஊருக்குப் போனாலும் கற்றது கூடப் போகும்.

காலத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முதலாம் தவணை இல்லப் போட்டியோடு போய்விடும். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழை, பாதி மைதானங்கள் குளமாக நிற்கும். ஆகவே இரண்டாம் தவணை தொடங்கியதும் அந்த இரண்டு நாளையும் வைத்து, மழைக்கு முன் நான்கு ஐந்து வருகைகளை முடித்துவிடுங்கள். மழைக்கால வருகைகளில் வகுப்பறைக்குள் கதிரை மேசைகளை ஒதுக்கி ஆடும் ஆட்டங்களைப் பழக்கலாம். பணத்தை அனுப்புவதற்கு முன் நான்கு அதிபர்களிடமும் இரண்டு விடயத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: ஆரம்பப் பிரிவு வகுப்புகள் ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் எந்த நாள், எந்தப் பாடவேளை விளையாட்டுக்கு விடப்படும் என்பதும், பயிற்சி பெற்ற ஆசிரியர் இடமாற்றம் பெற்றால் அடுத்து யாரைப் பழக்குவது என்பதும். இந்த இரண்டுக்கும் பதில் தரும் பாடசாலையில் தொடங்குங்கள். நான்கில் இரண்டுதான் முன்வந்தாலும் அந்த இரண்டோடு தொடங்கலாம்.